தாளின் அடியில் ஒரு திகதி

உதயகலாவுக்கு நான் பொய் சொன்னபோது எனக்கு முன்னால் ஒரு பிளேன்ரீயும் இரண்டு கிறீம்கிறேக்கர் பிஸ்கட்டும் இருந்தன. பொய்யைச் சொல்லிவிட்டு ஒரு பிஸ்கட்டைத் தேத்தண்ணீரில் தோய்த்துச் சாப்பிட்டேன். அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது அந்தப் பிஸ்கட்தான். ஒரு மனிசன் அந்த நேரத்தில் எப்படி மென்று விழுங்கினான் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இதை நடந்த ஒழுங்கில்தான் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் எனக்குத் தோதாகக் கதையை வளைத்துவிடுவேன். அந்தப் பழக்கம் எனக்கு உண்டு.

என் பெயர் பிறேம். கொக்குவிலில், தண்டவாளம் இல்லாத றெயில்பாதைக்குக் கிட்ட, அம்மாவோடு இருந்தேன். வடதிசைக் கல்லூரியின் கணினிப் பகுதிக்கு நான்தான் பொறுப்பு. தலைமை வளாகம் கொக்குவிலில். கரவெட்டி, வல்வெட்டித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை என்று நாலு கிளைகள். நான் சொல்வது இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் ஆண்டுப் பங்குனி. அப்போது இந்த ஐந்து இடத்துக்கும் சேர்த்துக் கொழும்பிலிருந்து வந்த இணைய இணைப்பு ஒன்றே ஒன்று, அதுவும் மெல்லியது. காலை ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் எல்லோரும் கணினிக்கு முன்னால் குந்தினால், ஒரு பக்கம் திறப்பதற்குள் முகம் கழுவிவிட்டு வரலாம்.

அதற்கு வழி செய்தவன் நான். ஒவ்வொரு கிளையிலும் ஒரு சின்னப் பெட்டி, கொக்குவிலில் ஒரு பெரிய பெட்டி. தொழிலில் கேஷ் சேர்வர் என்போம், கல்லூரியில் எல்லோரும் பெட்டி என்றே சொன்னார்கள். கரவெட்டியில் ஒரு பிள்ளை ஒரு பக்கத்தைக் கேட்டால், சின்னப் பெட்டி தன்னிடம் அதன் பிரதி இருக்கிறதா என்று பார்க்கும். இல்லாவிட்டால் கொக்குவில் பெரிய பெட்டியைக் கேட்கும். அதனிடமும் இல்லாவிட்டால்தான் கொழும்புக் கோட்டில் ஏறி வெளியே போகும். வந்த பக்கத்தில் இரண்டு பெட்டியும் ஒவ்வொரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். அடுத்த பிள்ளை கேட்டதும் உடனே கொடுக்கும்.

கரவெட்டிப் பெட்டியை அதற்கு முந்தின ஆண்டு ஐப்பசியில் வைத்தோம். கந்தோரிலிருந்து கணினி அறைக்கு வேலியோரமாக நிலத்துக்குள் வயர் தாழ்க்கவேண்டும், அதற்குக் கான் வெட்ட ஆள் கிடைக்கவில்லை. அப்போதுதான் உதயகலா, "சேர், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரட்டே?" என்று கேட்டாள். அவள் அங்கே ஆய்வுகூட உதவியாளர். நாலு வருடமாகத் தற்காலிகம். ஆனி முடிய நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். வீடு பக்கத்து ஒழுங்கையில்.

தகப்பன் கதிரவேலர் அலவாங்கும் மண்வெட்டியுமாக வந்தார். வெங்காயத் தோட்டக்காரர், மெலிந்த நெடுவல் மனிதர். பனை வேர் குறுக்கே ஓடிக் கிடந்த நிலம். அலவாங்கு இறங்கும்போது 'ணங்' என்று திரும்பி அடிக்கும். அவர் வேரைத் திட்டிக்கொண்டே வெட்டினார். நான் பைப் துண்டுகளைப் பொருத்திப் பொருத்திப் பின்னால் போனேன். மத்தியானம் கான் முடிந்தபோது என்னையும் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், கிணற்றடியில் கால் கழுவ வாளியில் தண்ணீர் அள்ளித் தந்தார்.

"தம்பி, உந்தப் பெட்டி என்ன செய்யிறது? இவள் சொல்லுறாள், எனக்கு ஒரு இழவும் விளங்கேல்லை."

நான் சொன்னேன். பெரிய பெட்டி, சின்னப் பெட்டி, பிரதி எல்லாம்.

"அட, உது கிணத்தடித் தொட்டி மாதிரி. ஒவ்வொருதரமும் கிணத்திலை அள்ளாமல் தொட்டியிலை மொள்ளுறது."

"ஓம் ஐயா, அதேதான்."

"அப்ப கிணத்திலை புதுத்தண்ணி ஊறினாலும் தொட்டியிலை நிக்கிறது பழசுதானே?"

"அதுக்குத்தான் ஐயா, தன்னை எவ்வளவு நேரம் வைச்சிருக்கலாமெண்டு ஒவ்வொரு பக்கமும் தானே சொல்லும். நேரம் முடிஞ்சால் பெட்டி பழசை ஊத்திப்போட்டுப் புதுசு எடுக்கும்."

"பக்கம் சொல்லாட்டில்?"

"நாங்கள் சொல்லுவம்," என்றேன் பெருமையாக. உதயகலாவின் தாய் குணலட்சுமி குசினி வாசலில் நின்று, "விசர்க் கேள்வியளைக் கேட்டுக்கொண்டு நிக்காமல் அவரைச் சாப்பிட விடுங்கோ," என்று கத்தினார். குரக்கன் பிட்டு, முருங்கைக்காய்க் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் பெட்டி பார்க்கக் கரவெட்டிக்குப் போனால் எனக்கு மத்தியானச் சாப்பாடு அந்த வீட்டில்தான். அவர்கள் கேட்காமல் போட்டார்கள், நான் கூச்சப்படாமல் தின்றேன்.

மாசியில் கொழும்பிலிருந்து ஒரு குழு வருவதாகக் கடிதம் வந்தது. பெட்டிகளால் என்ன மிச்சம் என்று பார்க்கப் போகிறார்கள். நூறு பக்கம் கேட்டால் எத்தனையைப் பெட்டி தன் கையிருப்பில் கொடுக்கிறது என்பதுதான் அவர்களுக்கு வேண்டிய எண். எங்கள் எண் இருபத்தெட்டு. எனக்கு அது காணாது. இலங்கைத் தளங்கள் பாதி, ஏனோதானோ என்று செய்தவை. ஒரு வருடமாக மாறாத பக்கமும் 'என்னைப் பிரதி எடுக்காதே' என்று சொல்லும். நான் என்ன செய்தேன்? பெரிய பெட்டிக்கும் நாலு சின்னப் பெட்டிகளுக்கும் ஒரு வரி எழுதிவிட்டேன். பக்கம் என்ன சொன்னாலும் கேட்காதே, ஏழு நாள் வைத்திரு. பிள்ளைகள் சும்மா சும்மா F5 அமத்திப் புதுப் பக்கம் கேட்பார்கள், அதையும் கணக்கெடுக்காதே.

குழு வந்த அன்று எண் நாற்பத்தாறு. கொழும்பு ஐயாமார் தலையாட்டினார்கள். எங்கள் இயக்குநர் லெனாட் எல்லோருக்கும் முன்னால் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர்கள் போனதும் அந்த வரியை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். மறந்துபோனேன் என்று சொன்னால் அரைவாசிதான் உண்மை. நாற்பத்தாறு எனக்குப் பிடித்திருந்தது.

உணவுத் தொழில்நுட்பப் படிப்பு கரவெட்டியில் மட்டும்தான் இருந்தது. அந்த வகுப்பில் ஏழு பேர் கொழும்புப் பயிற்சி நிலையமொன்றுக்கு விண்ணப்பித்து நேர்முகத்துக்குத் தெரிவாகியிருந்தார்கள். ஒரு வருடப் பயிற்சி, முடிய வேலை. நேர்முகம் பங்குனி இருபத்தாறு என்று அந்த நிலையத்தின் பக்கத்தில் பன்னிரண்டாம் திகதி போட்டிருந்தது. திங்கட்கிழமை காலை பிள்ளைகள் பார்த்தார்கள், பெட்டிகள் பிரதி எடுத்தன. பதின்மூன்றாம் திகதி அந்த நிலையத்தார் நேர்முகத்தைப் பத்தொன்பதுக்கு முன்தள்ளிப் பக்கத்தை மாற்றினார்கள்.

உதயகலா பதினாலாம் திகதி காலை திரும்பப் பார்த்தாள். பெட்டி இருபத்தாறு என்று காட்டியது. அவள் அச்செடுத்து, வீட்டில் காய்ச்சிய கோதுமை மாப் பசையால் அறிவித்தல் பலகையில் ஒட்டினாள். பசையை ஒரு ஜாம் போத்தலில் வைத்திருப்பாள், பழைய பிறஷ் ஒன்றும் அதோடு. பிள்ளைகள் இருபத்தைந்தாம் திகதி பஸ்ஸுக்கு ஆசனம் பதிந்தார்கள். அந்த ஏழு பேரில் ஒருத்தி, உதயகலாவின் பக்கத்து வளவு ஆரணி. அவளுக்குப் புதுச் சட்டை தைத்தும் வந்துவிட்டது.

பத்தொன்பதாம் திகதி திங்கள் காலை ஏழு நாள் முடிந்தது. பெட்டி தானாகவே புதுப் பக்கத்தை எடுத்து வந்தது. பத்து மணிக்கு உதயகலா எனக்குப் போன் எடுத்தாள்.

"சேர்... பக்கம் மாறிக் கிடக்கு."

"எந்தப் பக்கம்?"

"பயிற்சிப் பக்கம். பத்தொன்பதெண்டு போட்டிருக்கு. இண்டைக்கு சேர். இண்டைக்கு ஒன்பது மணிக்கு. ஐயோ சேர், பிள்ளையள் வகுப்பிலை இருக்கினம்."

"முதல் எப்ப பாத்தனீர்?"

"புதன்கிழமை. மூண்டுதரம் F5 அமத்திப் பாத்தனான் சேர். நீங்கள் சொல்லித்தந்த மாதிரி. இருபத்தாறெண்டுதான் கிடந்தது."

போனைக் காதில் வைத்துக்கொண்டே பெட்டியின் பதிவேட்டைத் திறந்தேன். கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. புதன் காலை எட்டு நாற்பத்திரண்டு. கரவெட்டிச் சின்னப் பெட்டி, தன் கையிருப்பிலிருந்து, பழைய பிரதி. மூன்று முறை. அவள் F5 அமத்திய மூன்றும் வரிவரியாகக் கிடந்தன.

"சேர், லைனிலை நிக்கிறியளோ?"

"பாத்துச் சொல்லுறன்," என்று போனை வைத்தேன். பிறகு என் வரியை ஐந்து பெட்டியிலிருந்தும் அழித்தேன். அதற்கு மட்டும் ஒரு நிமிடமும் பிந்தவில்லை.

அன்றைக்கு வாய் திறந்திருந்தால் இந்தக் கதை இல்லை. பின்னேரம் திறக்கலாம் என்று நினைத்தேன். பின்னேரத்துக்குள் ஊர் கிளம்பிவிட்டது. ஏழு பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் கரவெட்டிக் கிளைக்கு வந்து, பலகையிலிருந்த தாளைக் கிழித்தெறிந்துவிட்டு, கணினி அறை வாசலில் நின்று கத்தியிருக்கிறார்கள். கொழும்பு நிலையத்துக்குப் போன் எடுத்தால், பக்கம் பதின்மூன்றாம் திகதியே மாறிவிட்டது, பார்க்காதது உங்கள் பிழை என்று வைத்துவிட்டார்கள். பதின்மூன்று மாறியதைப் பதினாலு பார்த்தவள் எப்படிக் காணாமல் விட்டாள்? அவள் பார்க்கவே இல்லை, பழைய தாளை ஒட்டிவிட்டுப் பொய் சொல்கிறாள். எல்லோருக்கும் இது நேர்க்கணக்காக விளங்கியது. லெனாட் விசாரணை என்று அறிவித்தார்.

வியாழக்கிழமை அவள் பஸ் ஏறிக் கொக்குவிலுக்கு என்னிடம் வந்தாள். முகம் வீங்கியிருந்தது. பிளேன்ரீ கொண்டுவரச் சொன்னேன். அவள் குடிக்கவில்லை. பையிலிருந்து கொப்பி ஒன்றை எடுத்து, அதற்குள்ளிருந்து மடியாமல் வைத்திருந்த ஒரு தாளை எடுத்தாள்.

"சேர், அண்டைக்கு ரெண்டு எடுத்தனான். மற்றது இது. கீழை பாருங்கோ."

பார்த்தேன். அச்செடுக்கும்போது கணினி தானாகவே அடியில் சின்ன எழுத்தில் போடும் வரி. பதினாலு, மூன்று, இரண்டாயிரத்துப் பன்னிரண்டு. எட்டு நாற்பத்திரண்டு.

"புதன்கிழமை எடுத்ததெண்டு தெரியுதுதானே சேர்? அப்ப நான் பாத்ததுதானே? அதிலை இருபத்தாறெண்டு கிடந்ததுதானே? விசாரணையிலை இதைக் காட்டட்டே? உங்களட்டைக் கேட்டுப்போட்டுச் செய்வமெண்டு ஒருத்தருக்கும் காட்டேல்லை."

அந்தத் தாளை லெனாட் கண்டால் அடுத்த கேள்வி பெட்டியைப் பற்றித்தான். பெட்டியைக் கேட்டால் நான். இது எனக்கு ஒரு மின்னல் வெட்டும் நேரத்துக்குள், பளிச்சென்று விளங்கியது.

"உதயகலா," என்றேன், "உது கொம்பியூட்டரின்ரை மணிக்கூடு போடுற திகதி. மணிக்கூடு பிழையெண்டால் உதுவும் பிழை. உதை வைச்சு ஒண்டும் சொல்லேலாது. கொண்டுபோய்க் காட்டினீரெண்டால், மணிக்கூட்டை மாத்திப்போட்டு அடிச்சுக் கொண்டந்திருக்கிறாளெண்டுதான் சொல்லுவினம்."

அந்தக் கிளையின் கணினிகள் எல்லாவற்றின் மணிக்கூடும் கொக்குவிலோடு பிணைத்திருந்தது. பிணைத்தவன் நான். ஒரு விநாடி பிசகாது.

அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்ப உது தேவையில்லையே சேர்?"

"தேவையில்லை."

தாளை என் மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள். "நல்லகாலம் உங்களட்டைக் கேட்டது. இல்லாட்டில் இன்னும் அவமானப்பட்டிருப்பன்," என்றாள். நான் தாளை மேசை லாச்சிக்குள் போட்டேன். பிறகுதான் அந்தப் பிஸ்கட்.

வெள்ளிக்கிழமை விசாரணை. 'நான் பக்கத்தைச் சரியாகப் பார்க்கவில்லை, என் கவனயீனத்துக்கு வருந்துகிறேன்' என்று அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஆனிவரை வேலை, அதற்குப் பிறகு இல்லை என்று முடிவாயிற்று. நிரந்தரம் என்ற பேச்சே எடுக்கப்படவில்லை.

சனிக்கிழமை நான் கரவெட்டிக்குப் போகாமல் விட்டிருக்கலாம். போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று போனேன் பாருங்கள், அதுதான் நான். வழியில் வல்லை வெளியில் வெயில் கொதித்தது. காற்று மோட்டார்சைக்கிளை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே வந்தது. கல்லூரி வாசலில் கதிரவேலர் எனக்காகக் காத்து நின்றார்.

"வாங்கோ தம்பி. இண்டைக்குத் தோட்டத்திலை நிக்கிறம். அங்கை சாப்பாடு."

வெங்காயம் பிடுங்கும் நாள். வெங்காயத் தாள் மஞ்சளாகிச் சாய்ந்து கிடந்த பாத்திகளில் குணலட்சுமியும் உதயகலாவும் குந்தியிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வேறு ஆளில்லை. வழக்கத்தில் அந்தத் தோட்டத்தில் பிடுங்கும் நாளென்றால் பத்துப் பேர் நிற்பார்கள். கிணறு ஆரணி வீட்டுக்கும் இவர்களுக்கும் பங்குக் கிணறு. இறைப்பு முறை மாறி மாறி வரும். இவர்கள் பிடுங்க அவர்கள் வருவார்கள், அவர்கள் பிடுங்க இவர்கள் போவார்கள்.

"ஒருத்தரும் வரேல்லையோ ஐயா?"

"வரேல்லை." கதிரவேலர் ஒரு பிடி வெங்காயத்தை உதறி, ஓலை நாரால் கட்டினார். "சொல்லியனுப்பினனான். ஆரணியின்ரை தாய் வேலிக்கு மேலாலை சொல்லுறா, திகதி தெரியாத உங்கடை வீட்டாக்களின்ரை கண்ணுக்கு வெங்காயம் தெரியுமோ எண்டு. என்னத்தைச் சொல்ல? அந்தப் பிள்ளை சாப்பிடாமல் கிடக்குதாம்."

நானும் குந்திப் பிடுங்கினேன். காய்ந்த மண் நகத்துக்குள் ஏறியது. உதயகலா எனக்கு இரண்டு பாத்தி தள்ளி இருந்தாள், தலை நிமிரவில்லை. வழமையாகப் பெட்டியைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்பவள். பூவரச மர நிழலில் சாப்பாடு. மரவள்ளிக்கிழங்கு அவியலும் பச்சைமிளகாய்ச் சம்பலும். வெயிலுக்கு மோர் வேறு. குணலட்சுமி என் இலையில் இன்னொரு துண்டு வைத்தார்.

"தம்பி, உங்களுக்கு டிரெக்டரோடை நல்ல பழக்கமெல்லே?" என்றார். "ஒருக்காக் கதையுங்கோவன். அவள் பிழை விட்டவள்தான், இல்லையெண்டேல்லை. நாலு வருசம் ஒரு நாள் பிந்திப் போகாதவள். ஒரு பிழைக்கு இப்பிடியே?"

"அம்மா, விடுங்கோ," என்றாள் உதயகலா.

"நீ வாயைப் பொத்து. கையெழுத்துப் போட்டுக் குடுத்திட்டு வந்து கதைக்கிறாய்."

"போடாமல் என்ன செய்யிறது?" அவள் எழுந்து தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

அவள் போகும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கதிரவேலர் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, உங்களுக்கு மறைக்கிறதுக்கு என்ன. மூண்டு நாளா அவளோடை சண்டை பிடிச்சனான், நீ பாத்தனியோ பாக்கேல்லையோ, உண்மையைச் சொல்லெண்டு. பாத்தனான், பாத்தனானெண்டு ஒரே பிடி. சாமியறையிலை வந்து சத்தியம் பண்ணுறனெண்டாள். எனக்குத் தெரியும், என்ரை பிள்ளை பொய் சொல்லாது. பேந்து உங்களட்டை வந்திட்டு வந்து சொன்னாள், சேரும் அந்தத் தாள் சரிவராதெண்டு சொல்லிப்போட்டாரெண்டு. அப்பதான் நானும் யோசிச்சன். நீங்களே சொல்லுறியளெண்டால்... அவள் பாக்கேல்லைத்தான் போலை. பயத்திலை புழுகியிருக்கிறாள்." கண்ணைத் துடைத்தார். "நேற்று முதல்முதலா அவளுக்குக் கை நீட்டிப்போட்டன், தம்பி. இருபத்தாறு வயதுப் பிள்ளைக்கு."

சொல், இப்போது சொல், என்று உள்ளே ஒன்று கத்தியது. "கதைச்சுப் பாக்கிறன் ஐயா," என்றேன். தூ! வரும்போது இருபது பிடி வெங்காயத்தை உரப்பையில் போட்டு மோட்டார்சைக்கிளில் கட்டிவிட்டார்கள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

என் அம்மா வினிபிரட், ஒரு மிஷன் பள்ளியில் முப்பது வருடம் படிப்பித்தவர். பையைக் கண்டதும் சந்தோசப்பட்டு ஒரு பிடியை அவிழ்த்தார். நான் குசினிக் கதவில் சாய்ந்து நின்றேன்.

"என்னடா, முகம் பேயறைஞ்ச மாதிரி?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன், அந்தத் திகதியைப் பற்றியும். அம்மா உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கோப்பையில் வைத்தார். கையைக் கழுவினார்.

"அந்தப் பிள்ளை உன்னட்டைத் தாளைக் கொண்டு வந்ததோ?"

"ஓம்."

"நீ வாங்கி வைச்சுக்கொண்டு அனுப்பினனியோ?"

"ஓம் அம்மா."

"தகப்பன் அடிச்சுப்போட்டாரோ?"

தலையாட்டினேன். அம்மா அவிழ்த்த பிடியைத் திரும்பக் கட்டினார். ஓலை நார் அறுந்துவிட்டது, தையல் நூல் எடுத்துக் கட்டினார். உரித்ததையும் ஒரு கடதாசியில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

"உதை நான் சமைக்கமாட்டன். கொண்டுபோய்க் குடுத்திட்டு வா. வெங்காயத்தை மட்டும் குடுத்திட்டு வராதை."

ஞாயிறு கோயிலுக்குப் போகவில்லை. மேசையில் இருந்து லெனாட்டுக்குக் கடிதம் எழுதினேன். ஏழு முறை கிழித்தேன். முதல் ஏழிலும் 'தொழில்நுட்பக் கோளாறு' என்ற சொல் எப்படியோ வந்து குந்திவிடும். எட்டாவதில்தான் 'நான்' என்று தொடங்கினேன்.

திங்கள் காலை லெனாட் அதைப் படித்தார். பதிவேட்டுத் தாள்களையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பிறேம், விசாரணை முடிஞ்சுது. பிள்ளை கையெழுத்தும் போட்டிட்டுது. இதை நான் மேலை அனுப்பினால் என்ன சொல்லுவினம்? கொழும்பு வந்து பாராட்டிப்போட்டுப் போன பெட்டியள். ஐஞ்சு இடத்துக்கும் இருக்கிற பெட்டியளும் பறிபோகும்."

"அவ பொய் சொல்லேல்லை சேர். நான்தான் சொன்னனான்."

"விளங்குது. அவவுக்கு வேறை எங்கையும் ஒரு இடம் பாத்துக் குடுப்பம், சத்தமில்லாமல். நீர் உதைக் கிழிச்செறியும்." நல்ல மனிதர்தான். அந்த நல்லதனத்துக்குள் போய் ஒளிந்துகொள்ள எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொன்னால் காறித் துப்புவீர்கள். "ஒரு பிரதி உங்களிட்டை இருக்கட்டும் சேர்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். லாச்சியைத் திறந்து அவள் தாளை எடுத்து, என் கடிதத்தின் மற்றப் பிரதியோடு வைத்தேன். வெங்காயப் பையை மோட்டார்சைக்கிளில் கட்டினேன்.

வல்லை வெளி முழுக்க எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். ஒழுங்கைக்குள் திரும்பியபோது எல்லாம் மறந்துபோயிற்று. ஒரு மணி. உதயகலா மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். பிடுங்கிய வெங்காயம் முற்றம் முழுக்கக் காய்ந்துகொண்டிருந்தது. மூவரும் விறாந்தையில். என் கையில் உரப்பையைக் கண்டு குணலட்சுமி, "என்ன தம்பி, அழுகிப்போச்சோ?" என்றார்.

"இல்லை அம்மா. உதைத் தின்ன எனக்கு யோக்கியதை இல்லை."

நின்றபடியே சொன்னேன். ஏழு நாள் வரி. நாற்பத்தாறு. பதிவேட்டில் கிடந்த மூன்று F5. மணிக்கூடு பிழையில்லை என்பது. அவள் வந்த அன்றைக்கே எனக்கு எல்லாம் தெரியும் என்பது. சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு கிழமையாக என் வாய்க்குள் கிடந்தது இவ்வளவுதான்.

குணலட்சுமி வாயில் கையை வைத்துக்கொண்டார். கதிரவேலர் என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார்.

"பிள்ளை," என்றார். தன் வலது கையை மடியில் வைத்து மற்றக் கையால் பொத்திக்கொண்டார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, கான் வெட்டின அண்டைக்கே கேட்டனான், பழந்தண்ணியைப் பற்றி. நினைவிருக்கோ?"

"ஓம் ஐயா."

"நாங்கள் சொல்லுவமெண்டு சொன்னனீங்கள்."

"ஓம்."

உதயகலா அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள்.

"நான் அந்தத் தாளை உங்களட்டை ஏன் கொண்டு வந்தனான் தெரியுமே சேர்? கரவெட்டியிலை ஆருக்கும் விளங்காது, சேருக்கு விளங்குமெண்டு. நீங்கள் சொன்னாப் பிறகு எனக்கே சந்தேகம் வந்திட்டுது. நான் உண்மையிலை பாத்தனானோ எண்டு. இரவிரவா யோசிச்சன். விசராக்கும் எனக்கெண்டு நினைச்சன்."

"மன்னிச்சுக்கொள்ளும்."

"அதைப் பேந்து பாப்பம். கடிதத்தை ஆருக்குக் குடுத்தனீங்கள்?"

"டிரெக்டருக்கு. அவர் மேலை அனுப்பமாட்டாராம். ஆனால் நான் கொழும்புக்கு நேரை எழுதுறன். பயிற்சி நிலையத்துக்கும் எழுதுறன், ஏழு பேரையும் திரும்பக் கூப்பிடச் சொல்லி."

"எழுதுங்கோ. அது போகட்டும், வரட்டும், வராமல் விடட்டும்." அவள் குசினிக்குள் போனாள். திரும்பி வரும்போது கையில் ஜாம் போத்தல். "இப்ப வாங்கோ. நோட்டிஸ் போட்டிலை ஒட்டுவம்."

உண்மையைச் சொல்கிறேன், அது எனக்குத் தோன்றவே இல்லை. கடிதம், கந்தோர், கோப்பு, இதற்குள்ளேயே என் வெட்கம் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். ஊர் நின்று வாசிக்கும் பலகை என் கணக்கிலேயே இல்லை. கதிரவேலர் சால்வையை எடுத்துத் தோளில் போட்டார், "நடவுங்கோ தம்பி," என்றார்.

ஒழுங்கையால் நடந்தோம். முன்னால் அவள், பின்னால் நான், எனக்குப் பின்னால் தகப்பன். வேலிக்கு மேலால் ஆரணியின் தாய் பார்த்தார். கதிரவேலர் நின்று, "நீரும் வாரும் பிள்ளை, வந்து வாசியும்," என்றார். கல்லூரியில் இடைவேளை முடியவில்லை. மாமரத்தடியில் பிள்ளைகள் நின்றார்கள், ஆரணியும் நின்றாள். உதயகலாவைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பலகையில் முன்பு கிழித்த தாளின் மூலைகள் நாலும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. உதயகலா நகத்தால் சுரண்டித் துடைத்தாள். பிறஷை என்னிடம் நீட்டினாள். நான் பசை பூசி என் கடிதத்தை ஒட்டினேன். அதற்குப் பக்கத்தில் அவளுடைய தாளை ஒட்டினேன். பிள்ளைகள் நெருங்கி வந்தார்கள். ஒருத்தி சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள். 'நான் பிறேம், இந்தக் கல்லூரியின் கணினிப் பொறுப்பாளர்...' என் காது இரண்டும் எரிந்தன. ஆரணி வாசிப்பவளின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். பிறகு உதயகலாவைப் பார்த்தாள்.

நான் பிறஷைப் போத்தலுக்குள் போட்டுவிட்டு நகரப் பார்த்தேன்.

"சேர், நில்லுங்கோ," என்றாள் உதயகலா. அவள் தன் தாளின் அடியைக் காட்டினாள். பலகையின் கீழ்ச் சட்டத்துக்குள் தாளின் கடைசி வரி சொருகிப் போயிருந்தது. தெரிந்துதான் அப்படி ஒட்டினேனா, தெரியாமலா, இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

"திகதி மறையுது. கொஞ்சம் மேலை தூக்கி ஒட்டுங்கோ."

பசை காய்வதற்குள், எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க, தாளை உரித்து மேலே தூக்கி ஒட்டினேன்.